முப்பது கிராம் கடலை மிட்டாய்

மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒரே ஒரு பெண்ணாவது ஜெயித்தாக வேண்டும். இல்லையென்றால் ரஞ்சனி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில், மகளிர் தொழில் உதவி மையம் என்று போர்டு தொங்கும். பெண்கள் சொந்தமாக நடத்துகிற சின்னத் தொழில்களுக்கு அரசாங்க டெண்டர் கிடைக்க வழி செய்வது அதன் வேலை. பதிவுச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது, டிஜிட்டல் கையெழுத்து வாங்கித் தருவது, டெண்டர் படிவத்தை வரி வரியாகப் படித்து அர்த்தம் சொல்வது, சாம்பிள் பெட்டிக்கு சீல் வைத்து அனுப்புவது, எல்லாம் இலவசம். மேனேஜர் விழுப்புரத்தில் இருந்தார். செஞ்சிக்கு ரஞ்சனி ஒருத்திதான். ஆபீசரும் அவளே, பியூனும் அவளே, காலையில் கூட்டிப் பெருக்குவதும் அவளே. வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள்.

முதல் வருஷம் அறுபது பெண்களைப் பதிவு செய்தாள். இரண்டாம் வருஷம் நூற்றிருபது. ஒருத்திகூட ஒரு டெண்டரும் ஜெயிக்கவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர், என்ன கேட்டாலும் பக்கத்தில் நிற்கும் புருஷன் முகத்தைப் பார்க்கிறவர்கள். மீதிப் பேர் நிஜமாகவே தொழில் செய்கிறவர்கள். அவர்களுக்கு மாடியேறி வந்து உட்கார நேரம் கிடையாது. மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். பதிவுக் கணக்கெல்லாம் இனிமேல் யாருக்கும் வேண்டாம், மேலே ஒரு வெற்றிக் கதை கேட்கிறார்கள், ஜெயித்த பெண் தன் வாயால் பேசுகிற மாதிரி மூன்று நிமிஷ வீடியோ. அது வரவில்லை என்றால் செஞ்சி மையத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

ரஞ்சனிக்கு வைகாசியில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவலூர்பேட்டையில் அவளுடைய நைனா மாப்பிள்ளை வீட்டாரிடம், பொண்ணு கவர்ன்மெண்ட் ஆபீசுல இருக்குது என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். அது கவர்ன்மெண்ட் ஆபீஸ் இல்லை, ஒப்பந்த வேலை என்று ரஞ்சனியும் திருத்தவில்லை. பொய்யில் பாதி, சும்மா இருந்தே சொல்லிவிடலாம் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பொங்கல் முடிந்த கையோடு அந்த டெண்டர் வந்தது. மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் கடலை மிட்டாய். ஒரு பாக்கெட் முப்பது கிராம். பெண்கள் சொந்தமாக நடத்தும் தொழிலுக்கு மட்டும். செஞ்சிப் பக்கத்தில் இரண்டு பேர் போட்டார்கள், இரண்டு பேருமே ரஞ்சனியின் மாடியேறித்தான் போட்டார்கள்.

ஒருத்தி சிங்கவரத்து அன்புக்கரசி. நாற்பத்திரண்டு வயது. இருபது வருஷம் காந்தி பஜாரில் ஆதிநாராயணன் கடலை மண்டியில் உட்கார்ந்து சொத்தைக் கடலை பொறுக்கினவள். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவன் போன மாசமே ஓர் அடுப்பு, ஒரு தட்டு, ஒரு படி கடலையோடு மிட்டாய் போட ஆரம்பித்தாள். மணலில் கடலையை வறுத்து, தோலைப் புடைத்துத் தள்ளி, வெல்லப் பாகு காய்ச்சி, அந்தப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தரையில் போடுவாள். டங்கென்று சத்தம் வந்தால்தான் கடலையைக் கொட்டுவாள். பல்லில் ஒட்டாத, கடித்தால் பொருபொருவென்று உடைகிற மிட்டாய். இப்போது தகர ஷெட்டில் அவளோடு ஆறு பெண்கள். ஆறு பேரும் அதே மண்டியிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான். இந்த டெண்டர் கிடைத்தால் ஏழு பேரும் ஜென்மத்துக்கும் அந்த மண்டிப் படியை மிதிக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் ஷெட்டின் வாடகைக்கே தாங்காது. அன்புக்கரசி இதை ரஞ்சனியிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பாள்.

இன்னொருத்தி அனுஷா. ஆதிநாராயணனுடைய மருமகள். பெண்களுக்கு மட்டும் என்று அரசாங்கம் சொன்ன பிறகுதான் ஆதிநாராயணனுக்குத் தன் வீட்டில் ஒரு மருமகள் இருப்பது ஞாபகம் வந்தது. பாண்டிச்சேரியில் பி.காம் படித்த பெண், இருபத்தைந்து வயது, மிட்டாய் என்றால் கடையில் கிடைக்கும் என்ற அளவுக்குத் தெரியும். அவள் பெயரில் கம்பெனி, அவள் பெயரில் சான்றிதழ், அவள் பெயரில் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு ஓ.டி.பி. வருகிற போன் மட்டும் மாமனார் சட்டைப் பையில். பதிவு செய்த அன்று ரஞ்சனி, என்ன தொழில் செய்றீங்க மேடம் என்று வழக்கப்படி கேட்டாள். அனுஷா திரும்பித் தன் புருஷன் ஹரிகிருஷ்ணனைப் பார்த்தாள், அவன் தன் அப்பாவைப் பார்த்தான். முதலாளி இந்தப் பெரிய மனுஷர்தான் என்று ரஞ்சனிக்குப் புரிந்தது. புரிந்தும் பதிவு செய்தாள். யார் வந்தாலும் உதவி செய்ய வேண்டும் என்பது மையத்தின் விதி. விதி சில நேரம் எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது!

முதலில் ரஞ்சனிக்கு அன்புக்கரசி மேல் ஆசைதான். அவள் ஜெயித்தால் வீடியோவுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் நடுவில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஜனவரிக் கடைசியில் மேனேஜர் வந்து ஒரு கூட்டம் போட்டார். மிட்டாயின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேச்சு வந்தபோது ரஞ்சனி, பாகு நல்லா சிவக்கணும் என்று சொல்லி வைத்தாள். முன் வரிசையில் இருந்த அன்புக்கரசி சிரித்துவிட்டாள். செவந்தா கசந்துடும்மா, பாவம் இந்தப் பொண்ணுக்குக் கம்பியூட்டர்தான் தெரியும், அடுப்பு தெரியாது என்று அவள் பாசத்தோடுதான் சொன்னாள். ஐம்பது பெண்களும் மேனேஜரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்று சாயங்காலம் அன்புக்கரசிக்கு அது மறந்தே போயிற்று. ரஞ்சனிக்கு மறக்கவில்லை. சிரித்தவர்கள் மறந்துவிடுவார்கள், சிரிப்பு வாங்கினவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

பிறகு ஒரு நாள் ஆதிநாராயணன் தனியாக மாடியேறி வந்தார். எதையும் கொடுக்க வரவில்லை, கேட்கவும் வரவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"அந்த சிங்கவரத்துப் பொம்பள நல்ல வேலக்காரிம்மா. எங்கிட்ட இருந்தவதான். ஆனா ரெண்டாவது மாசமே வெல்லத்துக்கு அல்லாடுவா. சப்ளை நின்னா டெண்டரு கேன்சலு. அப்ப உன் வெற்றிக் கதை இன்னா ஆவறது? என் மருமவ பேருல வந்தா சப்ளை நிக்காது. நான் ஒண்ணும் சொல்லல. நீ படிச்ச பொண்ணு."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். லஞ்சம் கொடுத்திருந்தால்கூட ரஞ்சனிக்குப் பின்னால் ஒரு சாக்கு இருந்திருக்கும். பாவி மனுஷன் அதையும் விட்டு வைக்கவில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி அன்புக்கரசி சாம்பிள் கொண்டு வந்தாள். இருபது பாக்கெட். அனுப்பக் கடைசி நாள் பத்தாம் தேதி. பெட்டிக்கு அரக்கு சீல் வைக்க வேண்டும், மாடியில் காற்று அடித்து மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனதால் அன்புக்கரசி அரக்கை எடுத்துக்கொண்டு படிக்கட்டு மறைவுக்குப் போய்க் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ரஞ்சனி சும்மா ஒரு பாக்கெட்டை எடுத்து, மேஜைமேல் இருந்த தபால் தராசில் வைத்தாள். முப்பத்து நாலு. இன்னொன்று வைத்தாள். முப்பத்தைந்து. மூன்றாவதும் முப்பத்து நாலு.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அது கொசுறு. செஞ்சி பஜாரில் எடைக்கு எடை நிறுத்துக் கொடுப்பவனைக் கஞ்சன் என்பார்கள். தராசுத் தட்டு சமமான பிறகு ஒரு பிடி அள்ளிப் போட்டால்தான் கை நிறைந்த வியாபாரம். அதுவும் சாப்பிடப் போவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்புக்கரசி ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு விரல் அகலத் துண்டைக் கூடுதலாகச் செருகியிருந்தாள். முப்பது கிராம் என்று ரஞ்சனி சொன்னதை, முப்பதுக்குக் குறையக் கூடாது என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். கூடப் போடுவதும் ஒரு குற்றம் என்று யாருக்குத் தோன்றும்?

டெண்டரில் பதினேழாவது பக்கத்தில் இருந்தது: முப்பது கிராம், ஒரு கிராம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் சாம்பிள் தள்ளுபடி. ரஞ்சனி அந்த வரியைப் படித்திருந்தாள். அதன் கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தாள்.

இன்னும் இரண்டு நாள் இருந்தது. 'அக்கா, ஒரு துண்டை எடுத்துடு' என்று ஒரு வார்த்தை போதும். புது பாக்கெட்கூட வேண்டாம், பிரித்து எடுத்து மறுபடி ஒட்டினால் அரை மணி நேர வேலை. சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் வாயைத் திறந்தாள். ஐம்பது பேர் சிரித்தது காதில் கேட்டது. ரெண்டாவது மாசமே அல்லாடுவா என்று அந்த ஆள் சொன்னதும் கேட்டது. இவளுக்காகத்தான், பாவம், டெண்டரை எடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்தி அவமானப்படக் கூடாதே என்று தன் மனசுக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாக்கெட்டுகளை இருந்தபடியே பெட்டிக்குள் அடுக்கினாள். அன்புக்கரசி சூடு ஆறாத அரக்கோடு ஓடி வந்தபோது ரஞ்சனி பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் ஊத்துக்கா என்றாள்.

அன்புக்கரசி தன் பெயரை இழுத்து இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்தும் ரஞ்சனி வாயைத் திறக்கவில்லை. அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல இந்தக் கதையில் ஒன்றுமில்லை என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அனுஷாவின் சாம்பிள் மறுநாள் வந்தது. எங்கோ தொழிற்சாலையில் மிஷினில் வெட்டினதை வாங்கிப் புது உறை மாட்டியிருந்தார்கள். எந்தப் பாக்கெட்டை வைத்தாலும் தராசு முப்பது என்றது. ரஞ்சனி அதற்கும் சீல் வைத்து, இரண்டு பெட்டியையும் ஒரே கூரியரில் அனுப்பினாள்.

இருபத்தோராம் தேதி விழுப்புரத்தில் சாம்பிள் பெட்டிகளைத் திறந்தார்கள். அன்புக்கரசி பஸ் ஏறி நேரிலேயே போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து மாடியேறினவள் நாற்காலியில் உட்காரவில்லை, சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். ருசியில் அவளுடையதுதான் முதல் என்று அங்கே ஒரு அம்மா காதோடு சொன்னார்களாம். ஆனால் எடை கூடியதால் ருசிக்கு மார்க் போடவே இல்லையாம்.

"கொறைஞ்சிருந்தா கழிச்சி உடலாம், ஞாயம். கூட இருந்துச்சின்னு கழிப்பாங்களாம்மா? உனக்கு இது தெரியாதா?"

ரஞ்சனி கண்ணைத் தாழ்த்தவில்லை. சீல் வைத்த பெட்டிக்குள் என்ன எடை இருக்கிறது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். கேட்கும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது, அது பயம். அன்புக்கரசி அதை வருத்தம் என்று நினைத்தாள். எழுந்து வந்து அவள் தலையைத் தடவி, நீ இன்னாம்மா பண்ணுவ, என் கை சும்மா இருந்திருக்கணும் என்று தேற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

டெண்டர் அனுஷாவுக்கு வந்தது. மார்ச் பத்தாம் தேதி சப்ளை தொடங்க வேண்டும். காந்தி பஜாருக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அடுப்பு, தட்டு, கட்டர் எல்லாம் வாங்கிப் போட்டு ஆதிநாராயணன் ஆள் வைத்துப் பார்த்தார். ஒரு நாள் பாகு கசந்தது, ஒரு நாள் மிட்டாய் மெழுகு மாதிரி வளைந்தது. மூன்றாம் நாள் அவர் ரஞ்சனிக்குப் போன் செய்தார். அந்த சிங்கவரத்துக்காரியை அவளோட ஆறு பேரோடு கூட்டிக்கொண்டு வா, பழைய கூலியே தருகிறேன் என்றார்.

ரஞ்சனி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனாள். தகர ஷெட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இதையும் அவள் உதவி என்றுதான் சொன்னாள். கையில் வேலை இருக்கும், தொழில் விட்டுப்போகாது, அடுத்த டெண்டருக்குள் நான் உனக்கு எல்லாம் தயார் பண்ணி வைக்கிறேன் அக்கா என்று தேனாகப் பேசினாள். அன்புக்கரசிக்கு மற்ற ஆறு பேர் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஏழு பேரும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, இருபது வருஷம் நுழைந்த அதே சந்துக்குள் நுழைந்தார்கள். முதல் தட்டிலேயே மிட்டாய் சரியாக வந்தது.

இருபத்தாறாம் தேதி வீடியோ எடுக்க விழுப்புரத்திலிருந்து ஒரு கேமராக்காரர் வந்தார். அனுஷா பட்டுப் புடவை கட்டி அடுப்புக்கு முன்னால் நின்றாள். ரஞ்சனி எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருந்தாள். ஒப்பிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னாள். நாலு தடவை எடுத்தார்கள், நாலு தடவையும் அதேதான். அதை அனுப்பி வைத்ததும் மேனேஜர் போனில் கத்தினார்: உயிரே இல்லை, கஷ்டப்பட்ட பெண் மாதிரி தெரியவில்லை, இதை மேலே அனுப்பினால் மானம் போகும். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்.

அப்போதுதான் ரஞ்சனிக்கு அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகவே கண்டுபிடித்தது. முகம் அனுஷாவுடையது இருக்கட்டும், குரல் வேறு ஆளுடையது போடலாம். கேமராக்காரர் தாராளமாகச் செய்யலாம் என்றார்.

அன்புக்கரசியை மூலைக்கு அழைத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். இது வராவிட்டால் என் வேலை போய்விடும், வைகாசியில் கல்யாணம் நின்றுவிடும், மையத்தையே மூடிவிட்டால் உனக்கு அடுத்த டெண்டருக்கும் ஆள் இருக்காது என்றாள். நீ மிட்டாய் போட ஆரம்பித்த கதையை அப்படியே சொல், அது போதும் என்றாள். அன்புக்கரசி கையிலிருந்த பாகை முந்தானையில் துடைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"என் பேரு அன்புக்கரசி. எங்க வீட்டுக்காரரு என்னெ உட்டுட்டுப் போனப்ப வீட்டுல ஒரு படி கடலதான் இருந்துது. அத்த வறுத்துத் துன்னுட்டுப் படுத்துக்கலாமான்னு பாத்தேன். அப்பறம் இல்ல, இத்த வித்துப் பாக்கலாம்னு…"

கேமராக்காரர் தலையாட்டிக்கொண்டே ஆஹா என்றார். ரஞ்சனிதான் கையைக் காட்டி நிறுத்தினாள். பேரை மட்டும் மாத்திச் சொல்லுக்கா என்றாள். அன்புக்கரசி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள், பிறகு சரி என்றாள். இரண்டாம் தடவை, என் பேரு அனுஷா என்று ஆரம்பித்தாள். இப்போது ஆதிநாராயணன் குறுக்கே வந்தார். புருஷன் விட்டுட்டுப் போனான் என்றெல்லாம் வேண்டாம், பக்கத்தில் ஹரிகிருஷ்ணன் குத்துக்கல்லாட்டம் நிற்கிறான், அபசகுனமாக இருக்கிறது. வீட்டுக்காரரும் மாமனாரும் கூடவே நின்று தூக்கிவிட்டார்கள் என்று சொல்லச் சொல்லு என்றார். அவர் அதை அன்புக்கரசியிடம் சொல்லவில்லை, ரஞ்சனியிடம் சொன்னார். ரஞ்சனி அதை வார்த்தை மாறாமல் அன்புக்கரசியிடம் சொன்னாள்.

ஆறு பெண்களும் தட்டுகளை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்புக்கரசி யாரையும் பார்க்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது, அது முகத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் கேமராவில் அவள் முகம் வரப் போவதில்லை. மூன்றாம் தடவை ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். என் பேரு அனுஷா, வீட்டுல ஒரு படி கடலதான் இருந்துது, என் மாமனாரு தொணையா நின்னாரு, இன்னைக்கி ஏழு பொம்பளைங்களுக்கு நான் வேல குடுக்கறேன் என்றாள். ஏழு பேருக்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவளே தன்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டாள்.

கேமராக்காரர் கட்டை விரலை உயர்த்தினார். ஆதிநாராயணன் மகனோடு வெளியே போனார். அனுஷா மட்டும் பட்டுப் புடவையோடு தயங்கித் தயங்கி அருகில் வந்து, அந்த ஒரு படி கடலை, அது நெஜமாக்கா என்று கேட்டாள்.

"நெஜந்தாம்மா. இப்ப உன்னுதாயிடுச்சி. யாராச்சும் கேட்டா இப்பிடியே சொல்லு. மறந்துட்டா என்னெ வந்து கேளு."

அனுஷா அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள். அந்தக் கொட்டகையில் அன்று அழுதவள் அவள் ஒருத்திதான். அன்புக்கரசி எழுந்து புடவையைத் தட்டிவிட்டு அடுப்பிடம் போனாள். போகிற வழியில், போனில் வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்த ரஞ்சனியிடம் நின்றாள்.

"தப்பில்லாமதானே சொன்னேன்? உன் வேலைக்கு இனிமே ஒண்ணும் ஆவாதில்ல?"

ஆகாதுக்கா என்றாள் ரஞ்சனி. ஒப்பந்தத்தை ஏப்ரல் ஒன்றாம் தேதி புதுப்பித்தார்கள்.